நான் சரி செய்து கெடுத்த டிரைவ்

நம் பழைய கணினிக் குழுவின் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஆறேழு பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். காப்பி போர்டை எப்படி மாட்டுவது, எந்த வயர் எந்தப் பக்கம் போகும் என்று. அதைச் சொல்ல நான் எதற்கு? போர்டு வந்த பெட்டிக்குள் அதைச் செய்தவன் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறான், அதில் படமே போட்டிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத ஒன்றைத்தான் நான் எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை. கூட்டத்தில் வாய் திறந்து சொல்ல முடியாமல்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் அந்த போர்டைப் பற்றி நாலு வார்த்தை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பழைய வீட்டுக் கணினியின் பிளாப்பி டிரைவில் இதை ஒரு பக்கமும், உங்கள் லேப்டாப்பில் இன்னொரு பக்கமும் மாட்டினால், பிளாப்பியில் இருப்பதை அப்படியே நகல் எடுத்துத் தரும். பழைய கணினி பிளாப்பியைப் படிக்கும்போது தனக்குப் புரிந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும், புரியாவிட்டால் பிழை என்று சொல்லிவிட்டுக் கையை விரித்துவிடும். இந்த போர்டுக்கு எதுவுமே புரியாது. காந்தம் எங்கெங்கே மாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு குறிப்பு. நல்லது, கெட்டது, கீறல், அழுக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளும். முப்பத்திரண்டு வருஷம் இங்கே ஓசூர் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டெனன்ஸ் பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஆள் நான். எத்தனையோ மெஷினைப் பார்த்தாயிற்று. ஆனாலும் அந்த போர்டு ஓடும்போது லேப்டாப் திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு எழுவதைப் பார்த்தால், இன்றைக்கும் காபி ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். எவனோ எப்போதோ ஒரு வினாடியில் எழுதிவிட்டுப் போன காந்தம், இத்தனை வருஷம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறதே!

சரி, கதைக்கு வருகிறேன்.

மத்திகிரியில், டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட். அங்கே முபீனா என்கிற அம்மா பேலன்சிங் வேலை செய்கிறார். ஸ்பிண்டில், பம்பு விசிறி, மோட்டார் உருளை என்று வேகமாகச் சுற்றுகிற சாமான் எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் துளி கனம் கூடினால் ஆட்டம் போடும். அதை ஒரு மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டால், எந்த இடத்தில் எவ்வளவு எடை குறைக்க வேண்டும் என்று அது சொல்லும். சுற்றுவட்டாரத்துச் சின்னப் பட்டறைகள் எல்லாம் அவரிடம்தான் வரும்.

அந்த மெஷினைக் கட்டியவர் பெங்களூர்க்காரர். கணக்குப் போட ஒரு வீட்டுக் கணினியை அதனுடன் சேர்த்துவிட்டார். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கியிருக்கும், டிவியில் மாட்டுவோமே, அந்த ரகம். பக்கத்தில் ஐந்தேகால் அங்குல பிளாப்பி டிரைவ் ஒன்று. புரோகிராமை அந்த ஷெட்டிலேயே உட்கார்ந்து எழுதி, அந்த டிரைவிலேயே பதிந்து வைத்தார். அதற்குள் இருக்கும் எண்கள் அந்த மெஷினுக்கு, அது உட்கார்ந்திருக்கும் அந்தக் கான்கிரீட்டுக்கு மட்டுமே பொருந்தும். மெஷினைப் பெயர்த்து ஓரடி தள்ளி வைத்தாலும் எண்கள் செல்லாது. புதிதாக எண் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் காலமாகிவிட்டார். உடம்புக்கு முடியாமல் போகும்போது, தன்னிடம் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து தொழிலையே கற்றுக்கொண்ட முபீனாவிடம் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். இருபத்தேழு வருஷமாக முபீனாதான் அதை ஓட்டுகிறார்.

அவர் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டது ஒரு புதன்கிழமை. "காலைல ஒரு தடவை அமுக்கினா வந்துகினு இருந்த புரோகிராம், இப்ப ஏழெட்டு தடவை அமுக்கினாத்தான் வருது சார். என்னிக்கு வராம போவுமோன்னு பயமா இருக்கு. ஒரு காப்பி எடுத்துக் குடுத்துருங்க" என்றார்.

"இதெல்லாம் எனக்கு அரை மணி வேலை, கவலையை விடுங்க" என்று ஜம்பமாகச் சொன்னேன். இந்த ஜம்பத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுக்கும் முன் டிரைவைச் சுத்தம் செய்து, தலை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பிளாப்பியில் தகவல் வட்ட வட்டமான தடங்களில் கிடக்கும். டிரைவின் தலை, அதாவது காந்தத்தைப் படிக்கும் முனை, அந்தத் தடத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அதைச் சோதிப்பதற்கென்றே டிரைவ் செய்யும் கம்பெனியில் துல்லியமாக அளவெடுத்து எழுதிய பிளாப்பி ஒன்று என்னிடம் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். தலை நன்றாகவே விலகியிருந்தது. அடப்பாவி, இத்தனை வருஷம் இந்தக் கோணலோடா ஓடியது என்று எனக்குச் சிரிப்பு. தலையை நகர்த்தும் மோட்டாரில் இரண்டு திருகு. இரண்டின் மேலும் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். திருகைத் தளர்த்தி, மோட்டாரை மயிரிழை திருப்பி, என் அளவு பிளாப்பி பளிச்சென்று படிக்கும் இடத்தில் இறுக்கினேன்.

திருகைத் தொடுவதற்கு முன் பழைய இடத்தில் குண்டூசியால் ஒரு கோடு கிழித்து வைக்க வேண்டும். கம்பெனியில் என்னிடம் வேலை பழகியவர்கள் அத்தனை பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். கோடு போடாமல் கை வைத்தவர்களைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் கோடு போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தப்பான இடத்துக்கு எதற்கு அடையாளம் என்று நினைத்தேன்.

அப்புறம் முபீனாவின் பிளாப்பியைப் போட்டேன். ஒன்றும் இல்லை. எட்டு தடவை, பத்து தடவை அமுக்கினேன், ஊஹூம். அவர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். மெஷினைக் கட்டியவர் அதே டிரைவில் எழுதிக் கொடுத்த இன்னொரு பிரதி, அதிகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தது. அதுவும் படிக்கவில்லை. டிரைவ் கெட்டிருக்குமோ என்று என் அளவு பிளாப்பியைத் திரும்பப் போட்டேன். கண்ணாடி மாதிரி படித்தது. அவ்வளவுதான், எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றியது.

"டிரைவ் நல்லா இருக்கும்மா. பிளாப்பிதான் போயிருச்சு. பூஞ்சை புடிச்சிருக்கும், வயசாயிருச்சு இல்லையா? இதுல இனிமே ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா முந்தானையால் மெஷினின் பக்கவாட்டைத் துடைத்தார். தூசியே இல்லாத இடத்தை ஏன் துடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இது வெறும் இரும்புதானா சார்?" என்றார். "புது மெஷினுக்கெல்லாம் நான் எங்க போவேன்? மறுபடியும் கான்ட்ராக்ட் வேன்ல ஏறி ஷிப்டுக்குப் போவணும். இந்த முட்டிய வச்சிகினு எட்டு மணி நேரம் நிக்க முடியுமா என்னால?"

கிளம்பும்போது அந்த டப்பா பிளாப்பியை என் கையில் திணித்தார். "இது எனக்கு என்னாத்துக்கு? உங்களுக்கு ஏதாச்சும் ஆவும், வச்சிகிங்க" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் சும்மா இருக்கக் கை பொறுக்காமல் அந்த பிளாப்பியை என் சொந்த டிரைவில் போட்டு போர்டை ஓட்டினேன். தடத்துக்கு நேராக வைத்தால் வெறும் இரைச்சல். இந்த போர்டில் தலையை அரைப் படி, அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையில் பாதி தூரம், பக்கத்தில் தள்ளிப் படிக்கவும் முடியும். ஒரு வேடிக்கைக்குத்தான் தள்ளினேன். திரையில் கோடுகள் எழுந்தன. முழுதாக இல்லை, அங்கங்கே விட்டு விட்டு. ஆனால் எழுந்த இடத்தில் எல்லாம் நேற்று எழுதியது போல் அவ்வளவு சுத்தம்.

பூஞ்சையாவது மண்ணாவது! பிளாப்பி உயிரோடு இருக்கிறது. தடம் முழுக்க, எல்லாத் தடமும், ஒரே அளவு பக்கவாட்டில் விலகி எழுதப்பட்டிருக்கிறது. அந்த டிரைவ் முதல் நாளிலிருந்தே கோணல். அந்தக் கோணலோடுதான் மெஷினைக் கட்டியவர் எழுதினார், அதே கோணலோடுதான் அது இருபத்தேழு வருஷமாகப் படித்தது. அது தெரிந்துதான் யாரும் தொடாமல் இருக்க நகப்பாலிஷ் வைத்திருக்கிறார். நான் போய் நிமிர்த்தி வைத்துவிட்டேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்த இரண்டு பிளாப்பியும் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் எப்படிச் செத்துப்போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் புதன்கிழமையே தெரிந்திருக்கும். அளவு பிளாப்பி என் பக்கம் சாட்சி சொன்னதும் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

உடனே போன் போட்டேன். எடுத்தார். பின்னால் இரும்பின் மேல் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது.

"என்னம்மா சத்தம்?"

"காயலான் கடைக்காரங்க வந்திருக்காங்க சார். அடியில போல்ட்டு கழட்டிகினு இருக்காங்க. ரெண்டு ஆச்சு, இன்னும் ரெண்டு. டெம்போ நிக்குது."

மெஷின் இடத்தை விட்டு அசைந்தால் பிளாப்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"நிறுத்தச் சொல்லுங்கம்மா. எனக்கு ஒரு புது வழி தோணுது."

முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவனின் வாய் அப்படிப் பழகியிருக்கிறது. மானம் போகாமல் காரியம் முடிய வேண்டும்.

"வேணாம் சார்" என்றார் முபீனா. "ரெண்டு நாளா அழுது முடிச்சிட்டேன். இப்பத்தான் மனசு ஒரு நெலைக்கு வந்துச்சு. புது வழி, பழைய வழின்னு மறுபடியும் ஆசை காட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எடுத்துகினு போவட்டும்."

சுத்தியல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அவர் போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"முபீனாம்மா, தப்பு என்னுது" என்றேன். "பிளாப்பி சாகல. ஒண்ணும் ஆகல. ஓடிகிட்டிருந்த உங்க டிரைவை நான்தான் திருப்பிக் கெடுத்துட்டேன். கெடுத்துட்டு, பிளாப்பி மேல பழியப் போட்டேன்."

அப்புறம் போனிலிருந்து விலகி, ஷெட்டே அதிரும்படி ஒரு குரல். "ஏய், நிறுத்துப்பா! நில்லிசி, நில்லிசி!" கன்னடத்திலும் சேர்த்துக் கத்தியிருக்கிறார். சுத்தியல் சத்தம் நின்றது.

டப்பா பிளாப்பியையும் போர்டையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். காயலான் கடை ஆட்கள் நாலு பேர் டெம்போவின் பின்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் என்னைப் பார்த்ததும், "ஆய்தா, இல்வா?" என்றார். முடிந்ததா இல்லையா என்று கேட்கிறார், இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. முபீனா அவரிடம், "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கண்ணா. ஆவலைன்னா நானே ஒரு கை புடிச்சு ஏத்தி வுடறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சே சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா சார்?"

"தெரியாமத்தான்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"சரி. உக்காருங்க" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது பிரச்சினை என்னவென்று பாருங்கள். கோணலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், எவ்வளவு கோணல் என்று தெரியாது. நான் கோடு போடவில்லை. நகப்பாலிஷைச் சுரண்டி ஊதியாயிற்று. திருகின் அடியில் வாஷர் உட்கார்ந்திருந்த வளையம் உலோகத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதை வைத்துக் குத்துமதிப்பாக மோட்டாரைத் திருப்பினேன். அந்த அளவு போதாது, மயிரிழையில் பாதி தவறினாலும் தலை தடத்தை விட்டு இறங்கிவிடும். தேடிக்கொண்டே இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பிளாப்பி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்கிறது. டப்பா பிளாப்பியில்கூட வட்டத்தில் ஒரு இடத்தில் பழுப்புப் பூச்சு ஏற்கெனவே பளபளவென்று மெலிந்திருந்தது.

அன்றாடம் ஓட்டிய பிளாப்பி தேடுவதற்கு, டப்பாவிலிருந்த பிளாப்பி நகல் எடுப்பதற்கு என்று பிரித்தோம். டப்பா பிளாப்பியை இடம் கிடைக்கும் வரை டிரைவில் போடுவதே இல்லை. அதைச் சொன்னது முபீனாதான். "ஓடி ஓடித் தேஞ்சது தேடட்டும். நல்லதை ஒரே வாட்டி போடுவோம்" என்றார்.

பழைய கணினியிலேயே மாட்டி, தேய்ந்த பிளாப்பியைப் போட்டு அமுக்கினேன். டிரைவ் கடகடவென்று அடித்துக்கொண்டது. திரையில் பிழை. துளி திருப்பினேன், பிழை. இந்தப் பக்கம் கொஞ்சம், பிழை. டிவிக்கு ஒரே வார்த்தைதான் தெரியும். கிட்டே வந்திருக்கிறேனா, தூரம் போயிருக்கிறேனா என்று எனக்குத் தெரியவே இல்லை. ஆறாவது தடவை அமுக்கும்போது முபீனா குறுக்கே வந்து, டிரைவின் மேல்மூடியில் இரண்டு விரல் நுனியை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப அமுக்குங்க."

அமுக்கினேன். கடகடவென்றது.

"இது தேடுது சார். முன்னாடி ஒரு அடி வைக்குது, பின்னாடி ஒரு அடி வைக்குது. முன்னாடி போறப்ப சட்டுனு திரும்பிருது. பின்னாடி வர்றப்ப ஒரு நொடி நிக்குது, என்னமோ கேக்கற மாதிரி. அப்புறந்தான் திரும்புது."

அந்த ரக டிரைவ் படிக்க முடியாதபோது தலையை அரைப் படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தித் தானாகவே தேடிப் பார்க்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். எந்தப் பக்கம் கொஞ்சம் கேட்கிறதோ அங்கே கூடுதலாக ஒரு கணம் தாமதிக்கும். அந்தத் தாமதத்தை அளக்க நான் ஒரு கருவியைத் தேடியிருப்பேன். அவர் விரலை வைத்துச் சொல்லிவிட்டார். அதை ஏதோ அதிசயம் செய்தது போலவும் சொல்லவில்லை. "உருளைல ஆட்டம் எந்தப் பக்கம்னு தெனம் தொட்டுத்தானே பாக்கறேன்" என்றார், அவ்வளவுதான்.

"பின்னாடி பக்கமே திருப்புங்க. கொஞ்சம்."

திருப்பினேன். அமுக்கினேன்.

"ரெண்டு பக்கமும் நிக்குது இப்ப. இன்னும் துளி. ஐயோ, அவ்ளோ இல்ல சார், பாதி!"

அவர் விரலை எடுக்கவில்லை. நான் தொழில் படித்த காலத்திலிருந்து எனக்கு வழிகாட்டியவர்கள் பல பேர், பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள். அந்த நிமிஷத்தில் இந்த அம்மாவின் விரலுக்கு முன்னால் நான் புதுசாக வேலைக்குச் சேர்ந்த ஆள். அப்படித்தான் உணர்ந்தேன், சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

"நிறுத்துங்க. தேடல இப்ப. நேராப் போவுது."

கடகடச் சத்தம் இல்லை. ஒரே சீரான முனகல். டிவியில் பச்சைக் கோட்டில் வரைந்த உருளைப் படம் ஒன்று மேலிருந்து கீழாக இறங்கி வந்தது. புரோகிராமின் முதல் பக்கம்! டெம்போவில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். முபீனா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. "திருகை இறுக்குங்க, அசையாம இறுக்குங்க" என்று அதட்டினார்.

இறுக்கினேன். தேய்ந்ததை எடுத்துவிட்டு டப்பா பிளாப்பியைப் போட்டேன். கணினியின் வயரைக் கழற்றி காப்பி போர்டை மாட்டினேன். ஒவ்வொரு தடமாகப் போனது. நகலைச் சரிபார்க்கும் லேப்டாப் திரையில் பச்சை, பச்சை, பச்சை. முப்பத்தொன்றாவது தடத்தில் சிவப்பு விழுந்தது. என் கை தன்னால் திருப்புளிக்குப் போயிற்று. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் சரியாகிவிடும் என்று மூளை சொல்கிறது. முபீனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க. இப்பவும் நேராத்தான் ஓடுது. வெரல்ல ஒரு மாத்தமும் இல்ல."

அப்படியானால் இடம் சரி, பூச்சுதான் அந்த இடத்தில் மெலிவு. போர்டை அதே தடத்தில் விட்டு மறுபடி சுற்றவிட்டேன். இரண்டாம் சுற்று சிவப்பு. மூன்றாம் சுற்று சிவப்பு. நான்காம் சுற்றில் பச்சை ஆயிற்று. மிச்சத் தடங்கள் ஒரே ஓட்டத்தில் வந்து சேர்ந்தன. அவர் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், முந்தின முப்பதைப் படித்த இடத்தையும் தொலைத்திருப்பேன்.

புது பிளாப்பிகளில் அதே டிரைவை வைத்து நாலு பிரதி எழுதினோம். பிறகுதான் உண்மையான பரீட்சை. கழற்றிய இரண்டு போல்ட்டையும் முபீனா தன் கையால், எப்போதும் பிடிக்கும் அதே ஸ்பேனரால் முடுக்கினார். மெஷினைக் கட்டியவர் விட்டுப்போன சோதனை உருளை ஒன்று உண்டு. அதில் எந்தக் கோணத்தில் எவ்வளவு கனம் என்பது முபீனாவுக்கு மனப்பாடம். அதை ஏற்றிச் சுற்றவிட்டார். எண் வருவதற்குள் நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லை.

"நூத்தி இருவது டிகிரி" என்றார். "அதே நூத்தி இருவது சார். கனமும் அதேதான்." சொல்லிவிட்டு மெஷினின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "யா அல்லா" என்பது மட்டும் காதில் விழுந்தது.

காயலான் கடைப் பெரியவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். ஒரு ட்ரிப் வீணாகிவிட்டதே. முபீனா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, வெறும் டெம்போவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எதைத் திருப்பினாலும் முதலில் அது இருந்த இடத்துக்கு அடையாளம் போடுங்கள், தப்பான இடமாக இருந்தால் கட்டாயம் போடுங்கள். அந்தத் தப்போடு சேர்ந்து எது எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நீங்கள் கை வைத்த பிறகு ஒன்று நின்றுபோனால், அது செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன் உங்கள் கையைப் பாருங்கள். அந்த டிரைவ் இன்றைக்கும் அதே கோணலோடுதான் ஓடுகிறது. அங்கே போகும்போதெல்லாம் அதை ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன். ஒரு இயந்திரத்தின் குறை அதன் எழுத்தில் அப்படியே ஏறி, அந்தக் குறை இருந்தால் மட்டுமே படிக்க முடியும் என்று ஆகிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

அன்றைக்கு டெம்போ போன பிறகு நான் போர்டையும் வயரையும் பையில் அடைத்துக்கொண்டிருந்தேன். முபீனா அடுத்த வேலைக்கு ஒரு ஸ்பிண்டிலை உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகக் காத்துக் கிடந்த வேலை. நான் மெதுவாகக் கேட்டேன், "புது வழின்னு சொன்னப்ப வேணாம்னீங்களே. அப்புறம் எதுக்கும்மா நிறுத்தினீங்க?"

அவர் ஸ்பிண்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்த ஷெட்டுக்கு எத்தனையோ இன்ஜினியருங்க வந்துட்டாங்க சார். எது கெட்டாலும் கரண்ட்டைச் சொல்லுவாங்க, எலியைச் சொல்லுவாங்க, இல்லாட்டி என்னையச் சொல்லுவாங்க. நான்தான் கெடுத்துட்டேன்னு தன்னையச் சொன்னவங்க ஒருத்தரும் இல்ல. நீங்க புது வழின்னப்ப, சரி, இவரும் அப்படித்தான்னு போனை வைக்கத்தான் போனேன். என் தப்புன்னீங்க பாருங்க, அப்பத்தான் நம்பினேன். அது பொய்யா இருந்தா யாரு சார் சொல்லுவாங்க?"

புது வழி என்று போனில் நான் முதலில் சொன்னது பொய்தான் என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"அந்த முனையப் புடிங்க சார், கனமா இருக்குது" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன்.